மூளை–கணினி இணைப்பு: கொங்குப் பக்கத்து வீடுகளில் கேட்கப்படும் கேள்விகள்

படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே போய் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. கோபி, அந்தியூர், பெருந்துறை, காங்கேயம், பல்லடம் பக்கம்தான் பெரும்பாலும் போவேன். மூளைக்குள் சிப் வைத்த ஒருவர் கை அசைக்காமலே செஸ் விளையாடும் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்ததிலிருந்து, எந்த வீட்டுக்குப் போனாலும் அதைப் பற்றி ஒரு கேள்வியாவது வந்துவிடுகிறது. எல்லாக் கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: "எங்கப்பாவுக்கு இது ஆகுங்களா?" அந்தக் குடும்பங்களின் நம்பிக்கையும் உடையக்கூடாது, கையிலிருக்கும் காசும் வீணாகப் போய்விடக்கூடாது. அதற்காகத்தான் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது என்னங்க? சுருக்கமாச் சொல்லுங்க.

மூளையில் உண்டாகும் மின்துடிப்பைப் பிடித்து, அது என்ன சொல்கிறது என்று கணினி கணித்து, அந்தக் கணிப்பை வைத்து ஒரு வேலையை நடத்துவது. திரையில் அம்புக்குறியை நகர்த்தலாம், எழுத்து அடிக்கலாம், இயந்திரக் கையை நீட்டலாம். நரம்பும் தசையும் செய்யவேண்டிய தூது வேலையை மின்கம்பியும் கணினியும் செய்கின்றன.

யோசனை புதிதல்ல. மனித மூளையின் மின்துடிப்பை ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-லேயே பதிவு செய்துவிட்டார். அதைக் கொண்டு கணினியை இயக்கலாம் என்று 1973-ல் எழுதி, துறைக்கு இன்றைய பெயரைக் கொடுத்தவர் கலிஃபோர்னியாவில் இருந்த ஜாக் விடால். சமீபத்தில் மாறியிருப்பது கணிக்கும் திறமை. செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு அது பல மடங்கு கூடிவிட்டது.

சிலர் தொப்பி மாதிரி மாட்டுகிறார்கள், சிலருக்கு மண்டையைத் திறக்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

சோமனூரில் ஒரு தறிக்குடோனுக்கு வெளியே நின்றால், தறி ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியும். எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று தெரிய வேண்டுமானால் உள்ளே போய்த்தான் ஆகவேண்டும். மூளையின் மின்துடிப்பைத் தலைக்கு மேலிருந்தே பதிவு செய்யும் இ.இ.ஜி. தொப்பி வெளியே நிற்கிற ஆள். மண்டையோடும் தோலும் தாண்டி அதற்கு எட்டுவது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். ஆபத்து இல்லை, ஆனால் தகவல் மங்கல்.

உள்ளே வைப்பதிலும் பல வகை உண்டு. 2004-ல் அமெரிக்காவில் மேத்யூ நேகிள் என்ற இளைஞருக்கு வைத்தது, 96 நுண்ணூசிகள் கொண்ட நான்கு மில்லிமீட்டர் சதுரம். கழுத்துக்குக் கீழே செயலிழந்திருந்த அவர் மனதால் அம்புக்குறியை நகர்த்தினார், மின்னஞ்சலைத் திறந்தார். நியூராலிங்க் என்ற அமெரிக்க நிறுவனம் வைப்பது ஒரு நாணயம் அளவு கருவி. அதிலிருந்து இறங்கும் 64 மெல்லிய இழைகளில் துடிப்பைப் பிடிக்கும் 1,024 மின்முனைகள் இருக்கின்றன. சின்க்ரான் நிறுவனம் மண்டையோட்டைத் திறப்பதே இல்லை. இதயத்துக்கு ஸ்டென்ட் வைப்பதுபோல் கழுத்து நாளம் வழியாக ஒரு சிறு வலைக்குழாயை அனுப்பி, கைகால் அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியை ஒட்டிய பெரிய சிரையில் நிறுத்திவிடுகிறார்கள். அதில் 16 மின்முனைகள்தான். ஆகவே கிடைக்கும் தகவல் குறைவு, ஆனால் ஆப்பரேஷன் எளிது.

மனசுல நினைக்கறதெல்லாம் படிச்சிருமா?

படிக்காது. இப்போது நன்றாக வேலை செய்கிற கருவிகள் எல்லாம் 'செய்ய முயல்வதை'ப் பிடிக்கின்றன. கையை அசைக்க, வாயைத் திறந்து பேச மூளை உத்தரவு போடுகிறதே, அந்த உத்தரவைத்தான் படிக்கின்றன. மகன்மேல் கோபம், நிலத்தைப் பற்றிய கவலை, பழைய ஞாபகம் எதுவும் அதில் வராது.

ஆனால் கோடு அவ்வளவு கெட்டியாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், வாயசைக்க முயலாமல் மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் பேச்சிலும் ஓரளவைப் படிக்க முடிகிறது என்று காட்டினார்கள். கூடவே அதற்குப் பூட்டும் போட்டார்கள்: நோயாளி ஒரு ரகசியச் சொற்றொடரை மனதில் சொன்னால்தான் கருவி கேட்கவே ஆரம்பிக்கும். அந்தப் பூட்டு கருவியிலேயே இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பேச முடியாதவருக்கும் பேசாமல் இருக்கும் உரிமை உண்டு.

வாய் பேச முடியாமல் போனவர் திரும்பப் பேச முடியுமா?

இந்தத் துறையில் என் நெஞ்சைத் தொட்ட பகுதி இது. நடை போனதைக்கூட ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள், பேச்சு போனதை ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. ஒரு வாய் தண்ணீர் கேட்க முடியாமல், மூக்கருகே உட்கார்ந்த ஈயை ஓட்டச் சொல்ல முடியாமல் ஒரு மனிதர் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நடந்திருப்பதை வரிசையாகச் சொல்கிறேன். 2021-ல் சான் பிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சாங் குழு, பக்கவாதத்தால் பேச்சிழந்த ஒருவரின் மூளை மேற்பரப்பில் மின்முனைத் தகடு வைத்தது. 50 சொற்களுக்குள், நிமிடத்துக்குச் சுமார் 15 சொல் வந்தது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் வேறொருவர் கையால் எழுதுவதாக மனதில் முயன்றே நிமிடத்துக்கு 90 எழுத்து அடித்தார். 2023 ஆகஸ்டில் ஒரே நேரத்தில் இரண்டு முடிவுகள் வெளியாயின. ஒன்றில் ஏ.எல்.எஸ். என்ற நரம்புச் சிதைவு நோய் வந்த பெண்மணி நிமிடத்துக்கு 62 சொல் 'பேசினார்', ஆனால் ஏறக்குறைய நான்கில் ஒரு சொல் தவறாக வந்தது. மற்றதில் 18 ஆண்டாகப் பேச்சில்லாமல் இருந்த ஒரு பெண்மணி நிமிடத்துக்கு 78 சொல்லை எட்டினார். அவருடைய பழைய கல்யாண வீடியோவில் இருந்த குரலை எடுத்து, அந்தக் குரலிலேயே கணினி பேசியது. சாதாரணமாக நாம் பேசும்போது ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 150 சொல் அளவுக்கு வரும்.

2024-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டதுதான் திருப்பம் என்று நினைக்கிறேன். ஏ.எல்.எஸ். வந்த 45 வயதுக்காரர், 256 மின்முனைகள், 97.5 சதவீதம் சரி. நம் கைபேசி நாம் சொல்வதை எழுத்தாக்கும்போது விடும் பிழைகளை நினைத்துப் பாருங்கள். அவர் அதை வீட்டில் குடும்பத்தோடு பேசப் பயன்படுத்தினார், சிறு மகளோடும் பேசினார்.

ஒன்றைக் கவனியுங்கள். இவர்களில் பேச்சிழந்திருந்த எல்லோருக்கும் 'பேச வேண்டும்' என்று உத்தரவு போடும் மூளைப் பகுதி நன்றாக இருந்தது, உத்தரவு வாய்க்குப் போகும் வழிதான் அறுந்திருந்தது. பக்கவாதத்தில் மொழியை உண்டாக்கும் பகுதியே அடிபட்டு, சொல்லே நினைவுக்கு வராமல் போனவர்களின் நிலை வேறு. நம் வீடுகளில் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவது வகை. அவர்களுக்கு இன்றைக்குக் கைகொடுப்பது பேச்சுப் பயிற்சிதான், இந்தக் கருவி அல்ல.

தமிழில் வேலை செய்யுமா? எங்கம்மா பேசறது புத்தகத் தமிழ் இல்லைங்களே.

மேலே சொன்னவை எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தவை. சாங் குழு 2024-ல் ஸ்பானிஷ், ஆங்கிலம் இரண்டும் தெரிந்த ஒருவருக்கு இரு மொழியிலும் செய்து காட்டியது. சீனாவில் மாண்டரினில் முயற்சிகள் நடக்கின்றன.

தமிழுக்கு அடிப்படைத் தடை எதுவும் இல்லை. கருவி முதலில் ஒலிகளைக் கணிக்கிறது. நாக்கும் உதடும் தொண்டையும் எல்லா மொழிக்கும் ஒன்றுதான், ஆகவே அந்தப் பாதியைத் தமிழுக்குப் பழக்கலாம். அடுத்த பாதி, கணித்த ஒலிகளைச் சொல்லாகச் சேர்ப்பது. இங்கேதான் வேலை இருக்கிறது. ஆங்கிலக் கருவி 1,25,000 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக்கொண்டு சேர்க்கிறது. தமிழில் ஒரே வினைச்சொல் 'போனேன்', 'போயிட்டிருந்தேன்', 'போகலாமுங்க', 'போயிட்டு வந்தர்றனுங்க' என்று வளர்ந்துகொண்டே போகும். சொற்பட்டியலை நம்பினால் முடியாது, சொல்லுக்குள் இருக்கும் துண்டுகளை அறிந்த 'மொழி மாதிரி' (அடுத்து என்ன வரும் என்று ஊகித்துச் சேர்க்கும் கணினி நிரல்) வேண்டும். அந்த மாதிரிக்குச் செய்தித்தாள் தமிழ் போதாது. அந்தியூர்ச் சந்தையிலும் சமையல் கட்டிலும் பேசுகிற பேச்சு அதில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் உங்கள் அம்மா "சோறு வேண்டாமுங்கண்ணு" என்று நினைத்தால் திரையில் அறிவிப்புப் பலகை மாதிரி ஒன்று வரும்.

எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் முறைக்குத் தமிழ் அழகாகவே பொருந்துகிறது. 1988-ல் ஃபார்வெல், டான்ச்சின் என்ற இருவர் ஆறுக்கு ஆறு கட்டத்தில் எழுத்துகளைப் போட்டு, வரிசை வரிசையாக மினுக்கினார்கள். வேண்டிய எழுத்து மினுக்கியதும் ஏறக்குறைய 300 மில்லிநொடி கழித்து மூளையில் ஒரு சிறு எழுச்சி வரும், தொப்பியே அதைப் பிடித்துவிடும். நம் உயிரெழுத்து 12 இரண்டு வரிசை. வல்லினம், மெல்லினம், இடையினம் தலா ஆறு, மூன்று வரிசை. ஆறாவது வரிசைக்கு ஃ, ஜ, ஸ, இடைவெளி, அழி, போதும். கட்டம் சரியாக நிறைந்துவிடுகிறது. இதை நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் புராஜெக்டாக எடுத்துச் செய்யலாம்.

தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சிப் வைத்தால் நடக்க முடியுமா?

பொள்ளாச்சி, ஆனைமலை பக்கமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. மரம் ஏறுகிறவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், இரண்டு சக்கர வண்டி விபத்து. எல்லாம் உழைக்கிற வயது ஆட்கள்.

2023-ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்தில் ஒன்று நடந்தது. கெர்ட்-யான் ஓஸ்கம் என்ற நெதர்லாந்துக்காரர், 2011-ல் சைக்கிள் விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர். மூளைக்கு மேலே இரண்டு கருவி, தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு தூண்டுகருவி வைத்தார்கள். அவர் கால் எடுத்து வைக்க நினைத்ததும் அந்த உத்தரவு அடிபட்ட இடத்தைத் தாண்டிக் கீழே போனது. ஊன்றுகோலோடு நடந்தார், படி ஏறினார். கருவியை அணைத்த பிறகும் முன்பைவிடக் கொஞ்சம் நன்றாக அசைந்தார். ஆனால் அவருடைய தண்டுவடம் முழுதாக அறுந்திருக்கவில்லை, சில நரம்பிழைகள் மிச்சமிருந்தன. முழுதாக அறுந்தவருக்கும் இதே பலன் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கைக்கும் முயற்சிகள் உண்டு. பக்கவாதம் வந்து 15 ஆண்டுக்குப் பிறகு கேத்தி ஹட்ச்சின்சன் என்ற பெண்மணி இயந்திரக் கையை மனதால் இயக்கி, குடுவையை எடுத்து, தன் காபியைத் தானே குடித்தார். அந்த ஆய்வு 2012-ல் வெளியானது. பிட்ஸ்பர்கில் நேதன் கோப்லண்ட் இயந்திரக் கை தொட்டதைத் தன் விரலில் தொட்டது போலவே உணர்ந்தார், 2016-ல்.

நல்ல செய்திகள்தான். ஆனால் அந்தக் கருவி வரும்போது அதை ஏற்கும் உடம்பு இருக்க வேண்டும். படுக்கைப் புண் விழாமல் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை திருப்பிப் படுக்க வைப்பது, மூட்டுகள் இறுகாமல் அசைத்துக் கொடுப்பது, சிறுநீர்த் தொற்று வராமல் பார்ப்பது. இறுகிப்போன முழங்காலுக்கு மூளையிலிருந்து எவ்வளவு நல்ல உத்தரவு போனாலும் அது மடங்காது. அப்புறம், மரத்திலிருந்து யாராவது விழுந்தால் தூக்கி மடக்கிக் காரில் போடாதீர்கள். முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள், அவர்கள் வரும்வரை கழுத்தும் முதுகும் அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கும்போதே மிச்சமிருந்த நரம்பும் போய்விடலாம்.

ஸ்ட்ரோக் வந்து ஒரு வருஷம் ஆச்சு. கை மட்டும் திறக்க மாட்டேங்குது. ஏதாவது உண்டா?

இது ஓரளவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இ.இ.ஜி. தொப்பியும் கையில் மாட்டும் இயந்திரமும் சேர்ந்த கருவி ஒன்றுக்கு, மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021-ல் அனுமதி தந்தது, ஸ்ட்ரோக் வந்து ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு. நோயாளி கையைத் திறப்பதாக மனதில் முயல்வார். அடிபடாத பக்க மூளையில் எழும் துடிப்பைத் தொப்பி பிடிக்கும். உடனே இயந்திரம் விரல்களைத் திறந்துவிடும். முயற்சியும் அசைவும் ஒரே நொடியில் சேர்ந்து நடந்துகொண்டே இருந்தால் மூளை புது வழி போட்டுக்கொள்ளும் என்பதுதான் இதன் அடிப்படை. கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் இதே வகைக் கருவியை உருவாக்கியிருக்கிறார்கள்.

கருவி இல்லாமலும் அந்த அடிப்படையைப் பயன்படுத்தலாம். உங்கள் அப்பாவின் விரலை நீங்கள் திறந்துவிடும்போது அவரை டி.வி. பார்க்க விடாதீர்கள். "நீங்க திறங்கப்பா, நான் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள். அவர் முயலும் அந்தக் கணத்தில் நீங்கள் உதவுங்கள். சும்மா நீவிவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டால் செய்து காட்டுவார்கள்.

நம் ஊரில் யாருக்காவது ஏற்கெனவே இப்படி வைத்திருக்கிறார்களா?

மூளையைப் படிக்கும் சிப் பற்றிக் கேட்டால், அது இன்னும் ஆராய்ச்சிக் கட்டம். நரம்போடு பேசும் கருவி என்று பார்த்தால் நம் தெருவிலேயே இருக்கும். காது கேளாமல் பிறந்த குழந்தைக்கு வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் அப்படிப்பட்டதுதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு அது கிடைக்கிறது. பார்கின்சன் நடுக்கத்துக்கு மூளை ஆழத்தில் மின்முனை வைக்கும் சிகிச்சைக்கு எஃப்.டி.ஏ. 1997-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. வலிப்பு வரப்போவதை உணர்ந்து தானே துடிப்பு கொடுத்து நிறுத்தும் கருவிக்கு 2013-ல் அனுமதி கிடைத்தது.

இ.இ.ஜி. தொப்பி மாட்டினால் எப்படி இருக்கும்? வலிக்குமா?

வலிக்காது. எரிச்சல் வேறு மாதிரி. முதலில் தலைக்கு எண்ணெய் கூடாது. நம் வீட்டுப் பெரியவர்கள் தேங்காய் எண்ணெய் வைக்காமல் இருக்க மாட்டார்கள், ஷாம்பு போட்டு இரண்டு முறை அலசினால்தான் மின்முனை தோலைத் தொடும். துணித்தொப்பியின் ஒவ்வொரு ஓட்டையிலும் ஊசியில்லாத சிரிஞ்சால் ஜெல்லைப் பிழிவார்கள். அது காதோரம் வழியும். முடித்த பிறகு மறுபடி தலைக்குக் குளிக்கவேண்டும். பல்லைக் கடித்தால், கண் சிமிட்டினால், எச்சில் விழுங்கினால் திரையில் மலை மலையாக எழும். அதற்குப் பக்கத்தில் மூளையின் அலை வெறும் நூல்கோடு. நம் கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் உள்ளே வந்துவிடும். அடுத்த சுவரில் தறி மோட்டார் ஓடும் வீட்டில் இதை வைத்துப் படிப்பது லேசான வேலை இல்லை. வெளிநாட்டு ஆய்வகத்தில் கிடைத்த முடிவு நம் வீட்டுத் திண்ணையில் கிடைக்காமல் போவதற்கு இதுவும் காரணம்.

விபத்துக்குப் பிறகு கண் திறக்கிறார், ஆனால் எந்த அசைவும் இல்லை. நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறதா?

கேட்கலாம். 2024-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், படுக்கையருகே எந்தக் கட்டளைக்கும் அசையாத 241 பேரை ஸ்கேனாலும் இ.இ.ஜி.யாலும் சோதித்தார்கள். 60 பேருடைய மூளை கட்டளைக்குப் பதில் கொடுத்தது. "கையை மூடித் திறப்பதாக நினையுங்கள்" என்றால் அவர்கள் நினைத்தார்கள், வெளியே ஒன்றும் தெரியவில்லை. நான்கில் ஒருவர் என்று கணக்கு.

ஆகவே அவர் பக்கத்தில் நின்று "இனி தேறாது", "எத்தனை நாளைக்கு இப்படி" என்று பேசாதீர்கள். உறவுக்காரர்கள் வந்து பேச ஆரம்பித்தால் கையைப் பிடித்துத் திண்ணைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

மூளைக்குள் வைப்பதில் ஆபத்து என்ன?

ரத்தக்கசிவு, தொற்று, வலிப்பு. எந்த மூளை ஆப்பரேஷனுக்கும் உள்ளவை இவை. அப்புறம், வெளிப்பொருளைச் சுற்றி மூளை தழும்புத் திசுவை வளர்க்கும், காலம் போகப்போகத் தகவல் மங்கும். நியூராலிங்க்கின் முதல் நோயாளி நோலண்ட் ஆர்பாவுக்கு 2024 ஜனவரியில் வைத்தார்கள். சில வாரங்களில் பல இழைகள் மூளையிலிருந்து பின்வாங்கிவிட்டன. மென்பொருளை மாற்றிச் சமாளித்தார்கள்.

யாரும் யோசிக்காத ஆபத்து, கம்பெனி மூடுவது. பார்வையிழந்தவர்களுக்குச் செயற்கை விழித்திரை செய்து வந்த செகண்ட் சைட் என்ற அமெரிக்க நிறுவனம் 2020-க்குள் அந்த வேலையையே நிறுத்திவிட்டது. அதன் கருவியோடு இருந்தவர்கள் உலகம் முழுவதும் 350 பேருக்கு மேல். பழுதானால் பார்க்க ஆளில்லை. கருவியைப் பற்றிக் கேட்கும்போது, "பத்து வருஷம் கழித்து இதை யார் சரிசெய்வார்கள், வேண்டாமென்றால் யார் எடுத்துவிடுவார்கள், அந்தச் செலவு யாருடையது" என்று கட்டாயம் கேளுங்கள்.

எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும்? ஒருத்தர் முன்பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். பேச்சையோ நடையையோ திருப்பித் தரும் மூளைச் சிப் இன்றைக்குக் கடையில் வாங்கும் பொருளாக எங்கும் இல்லை, நம் ஊரிலும் இல்லை. இருப்பது ஆய்வுச் சோதனைகள் மட்டும். இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனை எதுவும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்கவேண்டும், இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். முறையான சோதனையில் சோதிக்கப்படும் கருவிக்கு நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள். பதிவு எண் கேளுங்கள். எண் சொல்லத் தயங்கினால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. நிலத்தை அடமானம் வைக்கும் எண்ணம் யாருக்கும் வரவேண்டாம்.

அதுவரைக்கும் என்னதான் செய்யறது?

ஒரு அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் எடுங்கள். மேலே சொன்ன அதே ஆறு வரிசை: முதலிரண்டில் உயிரெழுத்து, பிறகு வல்லினம், மெல்லினம், இடையினம், கடைசியில் ஃ, ஜ, ஸ, இடைவெளி, அழி, போதும். அட்டையின் பின்பக்கம் பெரிய எழுத்தில்: தண்ணி, வலி, திருப்பிப் படுக்கணும், சளி எடு, ஃபேன், பயமா இருக்கு.

நீங்கள் வரிசையைச் சத்தமாகச் சொல்லுங்கள், "ஒண்ணு… ரெண்டு… மூணு…" வேண்டிய வரிசை வந்ததும் அவர் கண்ணை ஒரு நொடி மூடட்டும். சாதாரணச் சிமிட்டலைக் கணக்கில் எடுக்காதீர்கள். பிறகு அந்த வரிசையின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். 'வலி' என்றால் ஐந்தாம் வரிசையில் நான்காவது வ, மறுபடி அதே வரிசையில் மூன்றாவது ல, பிறகு முதல் வரிசையில் மூன்றாவது இ. இரண்டு எழுத்து வந்ததுமே ஊகித்துக் கேட்டுவிடலாம், ஆனால் அவர் 'ஆமாம்' என்று கண் மூடும்வரை ஊகத்தை முடிவாக எடுக்காதீர்கள். முதல் வாரம் இரண்டு பேருக்கும் அலுப்பாக இருக்கும். விடாதீர்கள்.

கைபேசியிலும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் முன்பக்கக் கேமரா முக அசைவையே பொத்தானாக எடுத்துக்கொள்ளும். 2024 முதல் ஐஃபோனில் கண்ணாலேயே திரையை இயக்கலாம். அணுகல் வசதிகள் பகுதியில் தேடுங்கள்.

ஏ.எல்.எஸ். என்று இப்போதுதான் தெரிந்த குடும்பத்துக்கு அவசரமாக ஒன்று: பேச்சு தெளிவாக இருக்கும்போதே அவர் குரலை நிறையப் பதிந்து வையுங்கள். செய்தித்தாள் படிக்கச் சொல்லுங்கள், பேரப்பிள்ளையைக் கூப்பிடச் சொல்லுங்கள். பழைய கல்யாண கேசட்டும் வீடியோவும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு எந்தக் கருவி வந்தாலும் அவர் குரலிலேயே பேச வைக்க அதுதான் முதல்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மூளைப் பட்டை மாட்டினால் கவனம் கூடும் என்கிறார்களே?

சீனாவில் செஜியாங் மாகாணத்து ஒரு தொடக்கப் பள்ளியில் மாட்டினார்கள். 2019-ல் படம் வெளியாகி, பெற்றோரின் எதிர்ப்பில் நிறுத்தப்பட்டது. நெற்றியில் ஒரு பட்டை சொல்லும் 'கவன மதிப்பெண்'ணில் கண் சிமிட்டலும் நெற்றித் தசையின் அசைவும் கலந்திருக்கும். ராசிபுரம், நாமக்கல் பக்கம் பிள்ளைகள்மேல் இருக்கும் மதிப்பெண் சுமை போதாதா? கண்ணைக் கட்டிப் படிக்க வைக்கும் 'மிட்பிரெயின்' வகுப்புகளும் நடக்கின்றன, அவற்றுக்கு எந்த அறிவியல் அடிப்படையும் கிடையாது.

லாரி டிரைவருக்குத் தூக்கம் வந்தால் சொல்லும் தொப்பி இருக்கிறதாமே?

இருக்கிறது. ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் பெரிய வண்டி ஓட்டுகிறவர்கள் இ.இ.ஜி. பதித்த தொப்பிப் பட்டை போடுகிறார்கள். அசதி கூடினால் எச்சரிக்கும். சங்ககிரி, நாமக்கல் லாரிகளுக்கும் திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகளுக்கும் இது உண்மையிலேயே உயிர் காக்கலாம். ஆனால் அந்த எச்சரிக்கை டிரைவருக்குப் போகவேண்டும், சம்பளம் பிடிப்பவருக்கு அல்ல. பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தலையில் இதை மாட்டி வேலை அளப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

மூளைத் தகவல் யாருக்குச் சொந்தம்?

சிலி நாடு 2021-ல் தன் அரசியல் சட்டத்திலேயே மூளைச் செயல்பாட்டுக்கும் அதன் தகவலுக்கும் பாதுகாப்பு சேர்த்தது. அமெரிக்காவில் கொலராடோ, கலிஃபோர்னியா மாநிலங்கள் 2024-ல் சட்டம் போட்டன. நம் நாட்டில் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஆனால் மூளைத் தரவு என்று அது தனியாக எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். இப்போதைக்கு, விளையாட்டுக்கு வாங்கும் மூளைப் பட்டையானாலும் அதன் செயலி எங்கே தகவலை அனுப்புகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு சோதனையில் சேரலாமா என்று குடும்பத்தில் பேச்சு நடக்கிறது. மாமாவும் அண்ணனும் முடிவு செய்தால் போதுமா?

போதாது. படுத்திருப்பவரைத்தான் முதலில் கேட்கவேண்டும். கண்ணால் ஆமாம், இல்லை சொல்ல முடிகிற எவருக்கும் அதற்கு உரிமை உண்டு. அவர் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, பெரும்பாலும் காலையில், சொந்தக்காரர் கூட்டம் இல்லாமல் கேளுங்கள். ஒரே கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேளுங்கள்: "வைக்கலாமா?" என்று ஒரு முறை, "வேண்டாமா?" என்று ஒரு முறை. இரண்டுக்கும் ஆமாம் வந்தால் அவர் களைத்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டு மறுநாள் கேளுங்கள். அவர் சேர்ந்த பிறகும் எந்த நாளிலும் விலகலாம் என்பதை ஒப்புதல் படிவத்தில் தமிழில் எழுதித் தரச் சொல்லி, அதை அவருக்கே படித்துக் காட்டுங்கள்.